பூச்சியத்திற்குக் கீழே ஒரு எண்: கட்டளைக் கையேடுகளில் குறிபிட் நீட்டிப்பை வாசிப்பது

டிசம்பர் பிறந்துவிட்டால், கேத்தி பள்ளத்தாக்கிலும் ஊட்டியைச் சுற்றியுள்ள தாழ்வான காய்கறி நிலங்களிலும் பேச்செல்லாம் பனியைப் பற்றியதாகிவிடும். முதலில் நீர்ப்பனி இறங்கும். பிறகு, வானம் தெளிந்து காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில், நிலம் தன் சூட்டை இழந்து குளிர, கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். விடியும்போது புல்லும் கேரட் தழையும் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். மேட்டு நிலத்தில் 2 டிகிரி இருக்கும் அதே நேரத்தில் பள்ளத்து வயலில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியே ஓர் அளவுகருவி தேவைப்படுகிறது. இந்தக் கட்டுரை நுண்செயலிகளின் கட்டளைக் கையேடுகளைப் பற்றியது என்றாலும், நான் அவற்றை இவ்வளவு கவனமாக வாசிக்கத் தொடங்கியது அப்படியொரு வயலில் நடந்த ஒரு பிழைக்குப் பிறகுதான்.

பக்கத்து நிலத்துப் பெரியவருக்காக நான் ஒரு சிறு கருவி செய்து கொடுத்திருந்தேன். டிஎஸ்18பி20 என்ற வெப்ப உணரி தழை மட்டத்தில் கட்டப்பட்டிருக்கும்; வெப்பநிலை அரை டிகிரிக்கு இறங்கியதும் ஸ்பிரிங்க்ளர் பம்பு ஓடத் தொடங்கும், 2 டிகிரிக்கு மேல் ஏறியதும் நின்றுவிடும். ஒரு பருவம் முழுவதும் அது பிசகாமல் வேலை செய்தது. அடுத்த பருவத்தில், பழைய 8 பிட் பலகை பழுதாகிவிட்டதால், ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதியைப் பின்பற்றும் நுண்செயலி கொண்ட 32 பிட் பலகையில் அதே நிரலை ஏற்றி, ஐஸ் கட்டிகள் மிதக்கும் தண்ணீரில் உணரியை வைத்துச் சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மாட்டிவிட்டு வந்தேன். சில நாட்கள் கழித்து விடியற்காலையில் அவர் அழைத்தார். "தம்பி, பம்பு ரெண்டு மணிக்கு ஓடுச்சு, கொஞ்ச நேரத்துல தானா நின்னுடுச்சு. பெட்டியில நாலாயிரத்துத் தொண்ணூத்தஞ்சரைன்னு காட்டுது." வயலில் அப்போது இருந்தது பூச்சியத்திற்குக் கீழே அரை டிகிரி. உறையும் நேரத்தில் தண்ணீர் தெளிப்பதைப் பாதியில் நிறுத்துவது, தெளிக்காமலே விடுவதைவிடக் கெடுதலாகலாம் என்பது இங்குள்ள எல்லா விவசாயிகளுக்கும் தெரியும். அன்று இரண்டு பாத்திக் கேரட் போயிற்று.

4095.5 என்ற எண் தற்செயலாக வந்ததல்ல. அந்த உணரி வெப்பநிலையை 16 பிட் எண்ணாகத் தருகிறது. ஒவ்வொரு அலகும் ஒரு டிகிரியில் பதினாறில் ஒரு பங்கு. அரை டிகிரி என்றால் 8. கழித்தல் அரை டிகிரி என்றால் -8. கழித்தல் எண்களைக் கணினிகள் எழுதும் இரண்டின் நிரப்பு முறையில் -8 என்பது 16 பிட்டில் 1111 1111 1111 1000 என்று எழுதப்படும். இதே வரிசையைக் கூட்டல் கழித்தல் குறியில்லாத எண்ணாக வாசித்தால் 65,528 ஆகும். அதைப் பதினாறால் வகுத்தால் 4095.5. பிட்டுகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. உணரி சரியான வரிசையைத்தான் அனுப்பியது. அகலமான ஓரிடத்திற்கு அதை மாற்றும்போது, இடப்பக்கம் புதிதாகத் திறந்த 16 இடங்களில் எதை நிரப்புவது என்ற கேள்விக்கு என் நிரல் தவறான விடையைத் தந்துவிட்டது. ஒன்றுகளை நிரப்பியிருக்க வேண்டிய இடத்தில் பூச்சியங்கள் வந்து உட்கார்ந்தன.

ஒன்றுகளை ஏன் நிரப்ப வேண்டும் என்பதை மாணவர்கள் பெரும்பாலும் ஒரு விதியாகவே மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அதன் காரணம் மிக எளியது, அழகானதும்கூட. நான்கு பிட் எண்ணில் இடமதிப்புகள் 8, 4, 2, 1 என்பது நமக்குத் தெரியும். இரண்டின் நிரப்பு முறையில் இடக்கோடியின் மதிப்பு மட்டும் -8, மற்றவை மாறுவதில்லை. எனவே 1000 என்பது -8, 1011 என்பது -8 + 2 + 1 = -5. இப்போது இதற்கு இடப்பக்கம் ஒரு பிட் கூட்டி ஐந்து பிட்டாக்குவோம். புதிய இடக்கோடியின் மதிப்பு -16. பழைய இடக்கோடி இனி கோடியில் இல்லை, அதனால் அது சாதாரண +8 ஆகிவிடுகிறது. புதிய இடத்தில் 1 வைத்தால் -16 + 8 = -8; பழைய மதிப்பு அப்படியே திரும்பக் கிடைத்துவிடுகிறது. எத்தனை பிட்டுகள் கூட்டினாலும் இதே கணக்குத்தான் ஒவ்வொரு படியிலும் நடக்கும். இடக்கோடிப் பிட் 0 ஆக இருந்தால் புதிய இடத்திலும் 0 வைத்தால் போதும். ஆக, இடக்கோடியில் இருக்கும் பிட்டை, அதாவது குறிபிட்டை, புதிய இடங்கள் அனைத்திலும் படியெடுத்து வைப்பதே மதிப்பை மாற்றாமல் அகலத்தை மட்டும் கூட்டும் வழி. இதைத்தான் சைன் எக்ஸ்டென்ஷன் என்கிறோம். இக்கட்டுரையில் குறிபிட் நீட்டிப்பு என்று சொல்கிறேன். புதிய இடங்களில் எப்போதும் 0 வைப்பது பூச்சிய நீட்டிப்பு. குறியற்ற எண்களுக்கு அதுவே சரியான வழி.

பழைய பலகையில் இது ஏன் தவறவில்லை? சி மொழியில் 'இன்ட்' என்ற முழு எண் வகையின் அகலம் பலகைக்குப் பலகை மாறும். அந்த 8 பிட் பலகையின் கம்பைலரில், அதாவது நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளில், அது 16 பிட். உணரி தந்த இரண்டு பைட்டுகளை (ஒரு பைட் என்பது 8 பிட்) ஒட்டியதும் எண் தன் முழு அகலத்தையும் நிரப்பிவிட்டது, நீட்டுவதற்கு இடமே இல்லை. புதிய பலகையில் 'இன்ட்' 32 பிட். கம்பைலர் இரண்டு பைட்டுகளையும் எல்பியு என்ற கட்டளையால் எடுத்து, ஒன்றை எட்டு இடம் இடப்பக்கம் தள்ளி, இரண்டையும் ஒட்டியது. எல்பியு பூச்சிய நீட்டிப்புச் செய்யும் கட்டளை. இந்த வேலையில் குறிபிட்டைப் படியெடுக்கும் படி எங்குமே இல்லை. ஒட்டிய எண்ணை 16 பிட் குறியுள்ள வகை என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான், கம்பைலர் அதை 16 இடம் இடப்பக்கம் தள்ளி, குறிபிட்டைத் தாங்கிக்கொண்டே 16 இடம் வலப்பக்கம் கொண்டுவரும் இரண்டு கட்டளைகளைச் சேர்த்தது. ஐஸ் தண்ணீர்ச் சோதனையில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. ஐஸும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் வரை கலவை பூச்சியத்திலேயே நிற்கும். கழித்தல் எண்ணை என் நிரல் அன்று பார்க்கவே இல்லை.

பிழை என்னுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் காரணத்தைத் தேடிக் கட்டளைக் கையேடுகளைப் புரட்டியபோது, இந்த ஒரு விஷயத்தை அவை எவ்வளவு வேறு வேறு விதமாக, எவ்வளவு சுருக்கமாகச் சொல்கின்றன என்பது என்னை வியக்கவைத்தது. ஒரு கட்டளையின் விளக்கம் முழுமையாக இருக்க வேண்டுமானால் நான்கு செய்திகள் அதில் இருக்க வேண்டும்: எந்தப் பிட் குறிபிட்டாகக் கொள்ளப்படுகிறது, விடை எவ்வளவு அகலத்திற்கு நீட்டப்படுகிறது, நீட்டிப்பு எந்த வேலைக்கு முன்பு நடக்கிறது, நீட்டிய பிறகு அந்த எண்ணைக் குறியுள்ளதாகப் பார்க்கிறோமா குறியற்றதாகவா. நினைவகத்திலிருந்து எண்ணை எடுத்துப் பதிவகத்தில், அதாவது செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில், வைக்கும் கட்டளைகளில் முதல் இரண்டும் தெரிந்தால் போதும். 'எல்எச் கட்டளை 16 பிட் மதிப்பை எடுத்து, குறிபிட்டை நீட்டிப் பதிவகத்தில் வைக்கும். எல்எச்யு பூச்சியம் நீட்டி வைக்கும்' என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். தடுமாற்றம் வருவதெல்லாம் மூன்றாவதும் நான்காவதும் ஒரே சொல்லுக்குள் அடைபடும் இடத்தில்தான்.

அதற்கு ரிஸ்க்-ஃபைவ் கையேட்டின் எஸ்எல்டிஐயு என்ற கட்டளையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பதிவகத்திலுள்ள எண், கட்டளைக்குள்ளேயே பதித்துத் தரப்பட்ட 12 பிட் எண்ணைவிடச் சிறியதா என்று அது பார்க்கும். பெயரின் கடைசியில் உள்ள 'யு', குறியற்ற ஒப்பீடு என்பதைச் சொல்கிறது. அதை வைத்து, பதித்த எண் 0 முதல் 4095 வரை இருக்கலாம் என்று என் மாணவர்களில் பெரும்பாலோர் முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த 12 பிட் எண் முதலில் குறிபிட் நீட்டிப்புப் பெறுகிறது. அப்படி 32 பிட்டான பிறகுதான் குறியற்ற எண்ணாகப் பார்க்கப்பட்டு ஒப்பிடப்படுகிறது. பன்னிரண்டு ஒன்றுகளைப் பதித்தால் ஒப்பீடு நடப்பது 4095 உடன் அல்ல, 4,294,967,295 உடன். அதாவது இந்தக் கட்டளை எட்டக்கூடிய எண்கள் 0 முதல் 2047 வரையிலும், பிறகு 4,294,965,248 முதல் உச்சம் வரையிலும் மட்டுமே. நடுவில் பெரும் இடைவெளி. கையேடு இதைச் சொல்லாமல் விடவில்லை. முதலில் நீட்டிப்பு, பிறகு குறியற்ற ஒப்பீடு என்று ஓர் அடைப்புக்குறிக்குள் சொல்கிறது. அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் கட்டளையின் உயிர்நாடி என்பது என் கருத்து. அதை முதல் வாக்கியமாகவே எழுதியிருக்க வேண்டும்.

வடிவமைப்பில் இதற்கு நல்ல காரணம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரிஸ்க்-ஃபைவில் 12 பிட் பதித்த எண்கள் எல்லாமே, தர்க்கச் செயல்களான ஆண்ட், ஆர் போன்றவற்றில் வருபவை உட்பட, குறிபிட் நீட்டிப்பே பெறுகின்றன. குறிபிட்டும் 32 பிட் கட்டளையில் எப்போதும் 31 ஆம் பிட்டிலேயே இருக்கும். ஆகவே கட்டளை எதுவென்று முழுவதும் அறிவதற்கு முன்பே சுற்று நீட்டிப்பைத் தொடங்கிவிடலாம். சென்னை ஐஐடியில் உருவான 'சக்தி' நுண்செயலிகளும் இந்தக் கட்டளைத் தொகுதியையே பின்பற்றுகின்றன என்பதால், தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களுக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் பாடம் அல்ல.

இந்த ஒரே விதியின் விளைவு 4095 என்ற எண்ணைப் பதிவகத்தில் ஏற்றும்போதும் தெரியும். 32 பிட் எண்ணை ஏற்ற எல்யுஐ என்ற கட்டளை மேல் 20 பிட்டுகளை வைக்கும், ஏடிடிஐ என்ற கட்டளை கீழ் 12 பிட்டுகளைக் கூட்டும். 4095 இன் மேல் 20 பிட்டுகள் பூச்சியம், கீழ்ப் பன்னிரண்டும் ஒன்று. அதை அப்படியே பிரித்து எழுதினால் 0 உடன் -1 கூட்டப்பட்டு விடை -1 ஆகிவிடும். மேற்பகுதியில் 1 வைத்து, அதாவது 4096 ஐ ஏற்றி, பிறகு -1 கூட்டினால்தான் 4095 கிடைக்கும். கட்டளைப் பெயர்களை எந்திரக் குறியீடாக மாற்றும் அசெம்ப்ளர் இந்தத் திருத்தத்தைத் தானே செய்துவிடுவதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. எந்திரக் குறியீட்டைப் பிரித்து வாசிக்கும் நாளில்தான், எங்கிருந்து இந்த 4096 வந்தது என்று திகைப்பார்கள்.

பழைய மிப்ஸ் கட்டளைத் தொகுதியில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே ஏடிடிஐயு என்று ஒரு கட்டளை உண்டு. பெயரில் 'குறியற்ற' என்ற பொருள் இருந்தும், பதித்த 16 பிட் எண் குறிபிட் நீட்டிப்பே பெறும். -1 ஐத் தாராளமாகக் கூட்டலாம். அந்தச் சொல் அங்கே குறிப்பது, விடை அகலத்தை மீறினாலும் எந்திரம் முறையிடாது என்பதை மட்டும்தான். பெயரிலுள்ள அந்தச் சொல் தவறான பெயரீடு என்று மிப்ஸ் கையேடே ஒப்புக்கொள்கிறது. அதே தொகுதியில் ஆண்ட், ஆர் ஆகியவற்றின் பதித்த எண்களுக்குப் பூச்சிய நீட்டிப்பு. ஒரு பைட்டை எடுக்கும் எல்பி, எல்பியு ஆகியவற்றிலோ 'யு' உண்மையாகவே பூச்சிய நீட்டிப்பைக் குறிக்கிறது. ஆக, ஒரே எழுத்து மூன்று இடங்களில் மூன்று வேலை செய்கிறது: எல்பியுவில் நீட்டிப்பின் வகை, எஸ்எல்டிஐயுவில் ஒப்பீட்டின் வகை, ஏடிடிஐயுவில் மிகைவு பற்றிய மௌனம். இவற்றைப் பெயரிலிருந்து ஊகிக்க முடியாது, கூடாது.

சொற்களும் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுகின்றன. பவர் கட்டளைத் தொகுதி குறிபிட்டை நீட்டும் எடுப்பை 'இயற்கணித' எடுப்பு என்று அழைக்கிறது. ஐபிஎம்மின் பெருங்கணினிக் கையேடுகள் குறியற்றதைத் 'தர்க்க' எடுப்பு என்கின்றன. ஒரு கையேட்டில் பழகியவர் இன்னொன்றைத் திறக்கும்போது சொற்பட்டியலை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இன்டெல் குடும்பத்தில் 1978 இல் வந்த 8086 லேயே பைட்டை 16 பிட் எண்ணாக நீட்டும் கட்டளை இருந்தது, ஆனால் குறிப்பிட்ட ஒரு பதிவகத்திற்கு மட்டும். எந்தப் பதிவகத்திற்கும் பொருந்தும் மூவ்எஸ்எக்ஸ், மூவ்இசட்எக்ஸ் என்ற தெளிவான இணை 1985 இல் 80386 உடன் வந்தது. பெயரிலேயே நீட்டிப்பின் வகை இருப்பதால் இவ்விரண்டிலும் குழப்பமில்லை. மறைவாக நடப்பது பதித்த எண்களில்தான். 32 பிட் பதிவகத்துடன் ஒரு பைட் பதித்த எண்ணைக் கூட்டலாம், ஆண்ட் செய்யலாம். எல்லா வகையிலும் அந்தப் பைட் குறிபிட் நீட்டிப்புப் பெறும். எனவே ஒரு பைட்டில் 127 வரை எழுதலாம், 128 ஐ எழுத முடியாது. ஆனால் -128 ஐ எழுதலாம். கம்பைலர்கள் இதைப் பயன்படுத்தி, 128 ஐக் கூட்டு என்பதற்குப் பதில் -128 ஐக் கழி என்று எழுதி, 5 அல்லது 6 பைட் கட்டளையை 3 பைட்டில் முடித்துவிடுகின்றன. இதை முதன்முதலில் பார்க்கும் மாணவர் கம்பைலரில் கோளாறு என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

64 பிட் எந்திரங்களில் கேள்வி இன்னொரு முறை எழுகிறது: 32 பிட் விடை 64 பிட் பதிவகத்தில் எப்படி உட்காரும்? 64 பிட் இன்டெல் முறையிலும் 64 பிட் ஆர்ம் முறையிலும் மேல் 32 பிட்டுகள் பூச்சியமாகின்றன. ரிஸ்க்-ஃபைவில் நேர்மாறு: 32 பிட் எண்கள் அனைத்தும், குறியற்றவைகூட, 31 ஆம் பிட் மேலே படியெடுக்கப்பட்ட நிலையில் வைக்கப்படுகின்றன. குறியற்ற எண்ணுக்குக் குறிபிட் நீட்டிப்பு என்பது முதலில் முரணாகத் தோன்றும். ஆனால் இப்படி நீட்டினால் சிறிய பாதி அடியிலேயே இருக்க, பெரிய பாதி அப்படியே உச்சிக்குப் போய்விடுகிறது. எண்களின் வரிசை குலைவதில்லை. ஆகவே 64 பிட் ஒப்பீட்டுக் கட்டளைகளே 32 பிட் எண்களுக்கும் போதுமாகின்றன. அத்தகைய எண்ணை முகவரியோடு கூட்டும்போது மட்டும் முதலில் பூச்சிய நீட்டிப்புச் செய்தாக வேண்டும்.

சி மொழியில் 'கேர்' என்ற ஒரு பைட் எழுத்து வகை சில எந்திரங்களில் குறியுள்ளதாகவும் சிலவற்றில் குறியற்றதாகவும் இருப்பதற்கும் கட்டளைத் தொகுதிகளே காரணம். அந்த மொழி வளர்ந்த பிடிபி-11 கணினியில், பைட்டைப் பதிவகத்தில் ஏற்றும் கட்டளை எப்போதும் குறிபிட்டை நீட்டிவிடும். மற்ற எந்திரங்களில் அப்படியில்லை. மொழியின் தரநிலை இந்த முடிவைச் செயலாக்குபவரிடமே விட்டுவிட்டது. இன்றும் லினக்ஸில் இன்டெல் எந்திரத்தில் குறியுள்ளது, ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் குறியற்றது.

இத்தனை கையேடுகளுக்கிடையில் எனக்கு மிகவும் பிடித்த விளக்கம், உண்மையில், அந்த வெப்ப உணரியின் தகவல் தாளில்தான் இருக்கிறது. மதிப்பு 16 பிட்டுக்குக் குறிபிட் நீட்டப்பட்ட, இரண்டின் நிரப்பு முறை எண் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, கீழே ஓர் அட்டவணை தருகிறது, அதில் -0.5, -10.125, -25.0625, -55 ஆகியவற்றுக்கு நேரே பிட் வரிசைகள் முழுவதுமாக அச்சாகியிருக்கின்றன. கழித்தல் மதிப்புள்ள ஓர் எடுத்துக்காட்டு ஒரு பக்க விளக்கத்தைவிட அதிகம் சொல்லும். நுண்செயலிக் கையேடுகள் ஒவ்வொரு கட்டளைக்கும் அப்படியொன்றைத் தருவதில்லை. செயலைப் போலிநிரலாக எழுதி அதில் நீட்டிப்புச் சார்பின் பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. போலிநிரல் துல்லியமானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதோடு, இடக்கோடிப் பிட் 1 ஆக உள்ள ஓர் உள்ளீட்டையும் அதன் முழு அகல விடையையும் சேர்த்து அச்சிட்டால், வாசகர் தான் புரிந்துகொண்டது சரிதானா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்வார். ஆகவே என் மாணவர்களுக்கான குறிப்பில் எஸ்எல்டிஐயு இப்படித் தொடங்குகிறது: 'பதித்த 12 பிட் எண் முதலில் பதிவகத்தின் முழு அகலத்திற்குக் குறிபிட் நீட்டிப்புப் பெறும். பிறகு இரு எண்களும் குறியற்றவையாக ஒப்பிடப்படும். பதித்த எண் -1, பதிவகத்தில் 5 எனில், விடை 1.'

கருவியைத் திருத்திய பிறகு ஐஸ் தண்ணீரில் கைநிறைய உப்பைப் போட்டுச் சோதித்தேன். உப்பு சேர்ந்தால் கலவை பூச்சியத்திற்குக் கீழே இறங்கும். திரையில் -4.5 வந்தது. உணரி அனுப்பிய வரிசையைத் தனியே எடுத்துப் பார்த்தேன்: 1111 1111 1011 1000, அதாவது -72. பதினாறால் வகுத்தால் சரியாக -4.5. அந்த மாதமே தெளிந்த வானமுள்ள ஓர் இரவில், மூன்றரை மணிக்கு, பெரியவரோடு வயல் வரப்பில் நின்றிருந்தேன். பெட்டி -0.75 என்று காட்டியது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது.